சாவி நம் கையில்

'நொட்டோரியஸ்' படத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. பத்தைத் தாண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் என் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. இங்க்ரிட் பெர்க்மன் ஒரு சாவியைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு நிற்கிறார். கணவனின் சாவிக்கொத்திலிருந்து சற்றுமுன் திருடிய சாவி. கணவன் ஆசையோடு வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடிக்கிறான். ஒரு கையை விரித்து உள்ளங்கையில் முத்தம் கொடுக்கிறான். அடுத்து மற்ற கையை விரிக்கப் போகிறான். சாவி அதில்தான் இருக்கிறது.

அவர் மாட்டிக்கொள்ள மாட்டார் என்பது எனக்குத் தெரியும். சட்டென்று அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வார், அவன் முதுகுக்குப் பின்னால் சாவியைத் தரையில் நழுவவிடுவார், காலால் ஓரமாகத் தள்ளிவிடுவார். எல்லாம் மனப்பாடம். அப்படியும் அந்தச் சில வினாடிகள் மூச்சு நின்றுதான் போகிறது.

தெரிந்த விஷயத்துக்கு ஏன் பயப்படுகிறோம்? இந்த ஒரு கேள்வியோடுதான் நான் பல வருடங்களாக ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1925-இல் தொடங்கி 1976 வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவர் அவர். எல்லாமே நல்ல படங்கள் என்று சொல்ல மாட்டேன். 'டோபாஸ்' என்னை இரண்டு முறை தூங்க வைத்திருக்கிறது. ஆனால் அவருடைய நல்ல படங்களுக்கு ஒரு குணம் இருக்கிறது. முடிவு தெரிந்த பிறகும் அவற்றின் பிடி தளர்வதில்லை. சிலவற்றில் பிடி இன்னும் இறுகுகிறது.

(படங்களின் கதை இந்தக் கட்டுரையில் நிறையவே வரும். 'சைக்கோ'வின் கடைசி ரகசியத்தை மட்டும் சொல்லப்போவதில்லை. அதை நீங்களே போய்ப் பார்க்க வேண்டும்.)

இந்தக் கேள்வி என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டதே 'சைக்கோ'வால்தான். நான் அதைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு நண்பன் முழுக் கதையையும் சொல்லிவிட்டான். கதாநாயகி பாதியிலேயே செத்துப்போவாள், குளியலறையில் குத்திக் கொல்வார்கள், கடைசியில் தெரியவரும் விஷயம் இது என்று ஒன்றுவிடாமல் சொன்னான். அவன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இனி அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் வேறு எதுவும் பார்க்கக் கிடைக்காமல் அதைப் போட்டேன். ஜேனட் லீ காரை ஓட்டிக்கொண்டு மழையில் அந்த விடுதியின் வாசலில் வந்து நிற்கிறார். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். "இறங்காதே, அப்படியே போய்விடு" என்று வாய்விட்டே சொன்னேன். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

நண்பன் என்னிடமிருந்து எதையும் பறித்துவிடவில்லை என்பது அப்போது புரிந்தது. படம் தரவேண்டிய பயத்தை அவன் கொஞ்சம் முன்கூட்டியே தந்திருந்தான், அவ்வளவுதான்.

இதற்கான விளக்கத்தை ஹிட்ச்காக்கே கொடுத்திருக்கிறார். 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ அவரைச் சந்தித்து நாள்கணக்கில் பேசினார். அந்த உரையாடல் 1966-இல் புத்தகமாக வந்தது. சினிமாவில் ஆர்வமுள்ள எல்லோரும் வாசிக்க வேண்டிய புத்தகம். அதில் மேஜைக்கடியில் இருக்கும் வெடிகுண்டைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. இரண்டு பேர் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. நமக்கு 15 வினாடி அதிர்ச்சி. இப்போது அதே காட்சியை வேறு மாதிரி எடுப்போம். குண்டு வைக்கப்படுவதை நாம் முதலிலேயே பார்த்துவிடுகிறோம். ஒரு மணிக்கு வெடிக்கும், கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால். அந்த இரண்டு பேரும் அதே உப்புச்சப்பில்லாத பேச்சைத்தான் பேசுகிறார்கள். ஆனால் இப்போது ஒவ்வொரு வார்த்தையும் நம்மைக் கொல்கிறது. 15 வினாடி அதிர்ச்சியின் இடத்தில் 15 நிமிட சஸ்பென்ஸ்.

இதை நிறையப் பேர் மேற்கோள் காட்டுகிறார்கள். பெரும்பாலும் திரைக்கதைத் தந்திரமாக மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகத் தெரிவது வேறு. குண்டு இருப்பது தெரிந்ததும் அந்த இரண்டு பேரும் நம் பொறுப்பாகிவிடுகிறார்கள். ஒரு நிமிடத்துக்கு முன் அவர்கள் யாரோ. இப்போது அவர்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே தகவல் நம்மிடம்தான் இருக்கிறது, அதை அவர்களிடம் சொல்ல வழியில்லை. மர்மக் கதை நம்மிடமிருந்து ஒன்றை ஒளித்துவைக்கிறது. ஹிட்ச்காக் எல்லாவற்றையும் நம்மிடம் கொடுத்துவிட்டுக் கையை மட்டும் கட்டிப்போடுகிறார்.

இந்தக் கையாலாகாத உணர்வு அவருக்குச் சின்ன வயதிலேயே பழக்கமானது என்று தோன்றுகிறது. அவர் பிறந்தது 1899 ஆகஸ்ட் 13-இல், லண்டனின் லேட்டன்ஸ்டோன் பகுதியில். அப்பா காய்கறி வியாபாரி. ஐந்து ஆறு வயது இருக்கும்போது அப்பா ஒரு சீட்டைக் கொடுத்து போலீஸ் நிலையத்துக்கு அனுப்பினாராம். அதை வாசித்த அதிகாரி பையனைச் சில நிமிடங்கள் சிறையறையில் பூட்டிவைத்து, "குறும்புக்காரப் பையன்களுக்கு இதுதான்" என்றாராம். பேட்டிக்குப் பேட்டி அவரே சொன்ன கதை இது. போலீஸ் என்றால் கடைசிவரை தனக்குப் பயம் என்றும் சொல்லியிருக்கிறார். செய்யாத குற்றத்துக்குத் துரத்தப்படும் மனிதன் அவருடைய படங்களில் எத்தனை முறை வருகிறான் பாருங்கள். 'தி 39 ஸ்டெப்ஸ்', 'தி ராங் மேன்', 'நார்த் பை நார்த்வெஸ்ட்', 'ஃபிரென்ஸி'. உண்மை தெரிந்தும் அதைச் சொல்லி நிரூபிக்க முடியாத நிலை அவனுடையது. திரைக்கு இந்தப் பக்கம் நாமும் அதே நிலையில்தான் இருக்கிறோம்.

'நொட்டோரியஸ்' 1946-இல் வந்தது. இதைப் பற்றிப் பேசினால் எனக்கு நேரம் போவதே தெரியாது, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அலீசியா ஒரு நாஜி உளவாளியின் மகள். அப்பா சிறைக்குப் போனதில் மனம் நொந்து குடித்துக்கொண்டிருப்பவள். அமெரிக்க உளவுத்துறையைச் சேர்ந்த டெவ்லின், அதாவது கேரி கிராண்ட், அவளை ரியோ டி ஜெனிரோவுக்கு அழைத்துப்போகிறான். இருவருக்கும் காதல் வருகிறது. அப்புறம்தான் அவளுக்கான வேலை தெரியவருகிறது. ரியோவில் இருக்கும் நாஜிக் கும்பலைச் சேர்ந்த செபாஸ்டியன் என்பவன் முன்பே அவள்மேல் ஆசைப்பட்டவன். அவனோடு நெருங்கிப் பழகி வேவு பார்க்க வேண்டும். டெவ்லின் வாயைத் திறந்து "போகாதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் போக மாட்டாள். அவன் சொல்வதில்லை. அவன் சொல்வான் என்று அவள் காத்திருக்கிறாள். வேவுபார்க்கப் போனவள் கடைசியில் செபாஸ்டியனின் மனைவியாகவே ஆகிவிடுகிறாள்.

அந்த வீட்டின் நிலவறையில் ஏதோ இருக்கிறது. சாவி செபாஸ்டியனிடம். விருந்து நடக்கும் இரவில் டெவ்லினும் அலீசியாவும் நிலவறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற ஷாட் வருகிறது. மாடியின் உச்சியிலிருந்து கேமரா கூடத்தைப் பார்க்கிறது. சரவிளக்கு, சலவைக்கல் தரை, பேசிச் சிரிக்கும் கூட்டம். வெட்டாமல் அப்படியே மெல்ல இறங்குகிறது. இறங்கி இறங்கி, விருந்தினரை வரவேற்றுக்கொண்டு நிற்கும் அலீசியாவிடம் வந்து, பின்னால் கொண்டுபோன அவள் கையின் குளோசப்பில் நிற்கிறது. கைக்குள் சாவி. இவ்வளவு பெரிய கூட்டத்தில் உண்மையில் நடந்துகொண்டிருக்கும் விஷயம் இந்த ஒரு அங்குலத்தில்தான் இருக்கிறது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறார்.

அதோடு விடுவதில்லை. பரிமாற வைத்திருக்கும் ஷாம்பேன் பாட்டில்களைக் காட்டுகிறார். அவை தீர்ந்தால் பணியாள் நிலவறைக்குப் போயாக வேண்டும். அதற்குச் செபாஸ்டியனிடம் சாவி கேட்பான். சாவி இல்லாதது தெரிந்துவிடும். ஆக இந்தக் காட்சியில் நேரம் காட்டுவது கடிகாரம் இல்லை, குறைந்துகொண்டே வரும் பாட்டில்கள். விருந்தினர் ஒவ்வொருவர் கோப்பையை நீட்டும்போதும் நமக்குத் திக்கென்கிறது. இங்கே இன்னொரு அழகு. தன் படங்களில் ஓரிரு வினாடி தலைகாட்டுவது ஹிட்ச்காக்கின் வழக்கம். இந்தப் படத்தில் அவர் வருவது இதே விருந்தில். ஒரு கோப்பை ஷாம்பேனை மடக்கென்று குடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். இயக்குநரே வந்து ஒரு கோப்பையைக் காலி செய்து அவகாசத்தைக் குறைத்துவிட்டுப் போகிறார்! முதல் சில முறை பார்த்தபோது இதை நான் கவனிக்கவே இல்லை.

நிலவறையில் ஒரு பாட்டில் விழுந்து உடைகிறது, உள்ளே மதுவுக்குப் பதில் கறுப்பு மண். யுரேனியத் தாது. கதையில் எல்லோரும் தேடி அலையும் பொருளுக்கு ஹிட்ச்காக் 'மக்கஃபின்' என்று ஒரு பெயர் வைத்திருந்தார். பாத்திரங்களுக்கு அது உயிர், பார்ப்பவர்களுக்கு அது எதுவாக இருந்தாலும் ஒன்றுதான் என்பார். உண்மைதான். பாட்டிலில் வைரம் இருந்திருந்தாலும் எனக்குக் கவலையில்லை. டெவ்லின் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வானா என்பதே என் கவலை.

போன வருடம் இந்தப் படத்தை என் அக்காவோடு பார்த்தேன். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழ் சப்டைட்டிலும் கிடைக்கவில்லை. நடுநடுவே நிறுத்தி நான் சொல்வதாக ஏற்பாடு. முதல் கால் மணி நேரம் சொன்னேன். அப்புறம் அக்கா கையை ஆட்டி, "நீ சும்மா இருடா, எனக்குப் புரியுது" என்றாள். சோதித்துப் பார்க்கலாம் என்று நானும் விட்டுவிட்டேன். விருந்துக் காட்சியில் பாட்டில்களைக் காட்டியதும், "ஐயோ, தீரப்போகுதே" என்றாள். பிற்பகுதியில் மாமியார் காபியில் விஷம் கலந்து கொடுக்கத் தொடங்குகிறாள். காபிக் கோப்பை திரையின் முன்புறத்தில் பூதாகாரமாக இருக்க, அலீசியா அதற்குப் பின்னால் சிறிதாகத் தெரிவாள். விஷம் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. அக்கா, "அதைக் குடிக்காதே" என்றாள்.

ஒரு வார்த்தை தெரியாமல் இது எப்படிச் சாத்தியமாகிறது என்றால், ஹிட்ச்காக் தொழில் கற்றது பேசாத படங்களின் காலத்தில். 1920-இல் லண்டனின் இஸ்லிங்டனில் ஒரு அமெரிக்க நிறுவனம் நடத்திய ஸ்டூடியோவில் படத்தின் நடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டைகள் வரையும் வேலையில்தான் சேர்ந்தார். 1924-இல் ஜெர்மனியின் பாபல்ஸ்பர்க் ஸ்டூடியோவுக்குப் போனபோது, அங்கே ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் படமெடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். படத்தை வைத்தே கதை சொல்ல வேண்டும், வேறு வழியே இல்லாமல் போனால்தான் வசனம் என்ற பிடிவாதம் அங்கே வந்தது. 1927-இல் வெளியான 'தி லாட்ஜர்' மௌனப் படம். மாடியில் குடியிருப்பவன் இங்குமங்கும் நடக்கிற சத்தம் கீழே இருப்பவர்களுக்குக் கேட்கிறது. சத்தத்தை மௌனப் படத்தில் எப்படிக் காட்டுவது? கண்ணாடியால் தரை செய்து, அவன் மேலே நடப்பதைக் கீழேயிருந்து எடுத்தார். கூரையே கண்ணாடியாகி, நடக்கும் கால்கள் நமக்குத் தெரிகின்றன.

சத்தம் வந்த பிறகும் அதே கண்தான். 1941-இல் வந்த 'சஸ்பிஷன்' படத்தில் கேரி கிராண்ட் ஒரு கோப்பைப் பாலை ஏந்திக்கொண்டு இருட்டான மாடிப்படியில் ஏறிவருவார். அந்தப் பாலில் விஷம் இருக்குமோ என்பது சந்தேகம். பார்ப்பவர் கண் பாலைவிட்டு நகரக்கூடாது என்பதற்காகக் கோப்பைக்குள் ஒரு சின்ன பல்பை வைத்தார் ஹிட்ச்காக். பால் ஒளிர்கிறது. ஒளிரும் பாலைப் போலப் பயங்கரமான ஒன்றை நான் சினிமாவில் அதிகம் பார்த்ததில்லை.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் நல்லவர்களுக்காக நாம் பயப்படுவது. அவர் அங்கேயே நின்றிருந்தால் திறமையான இயக்குநர் என்று சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். ஆனால் தகவல் கையில் இருப்பவன் யார் பக்கம் வேண்டுமானாலும் சாய்வான் என்பதை அவர் கண்டுகொண்டார்.

திரும்பவும் 'சைக்கோ'. 1960. தன் தொலைக்காட்சித் தொடரின் தொழில்நுட்பக் குழுவை வைத்து, கறுப்பு வெள்ளையில், சுமார் 8 லட்சம் டாலரில் எடுத்த படம். குளியலறைக் கொலையைப் பற்றி உலகம் பேசிவிட்டது. படமாக்க ஒரு வாரம், திரையில் முக்கால் நிமிடம் போல. ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் எழுதிவந்து போட்டுக்காட்டினார். தந்திக் கருவிகள் மட்டும் கிறீச்சிடும் அந்த இசையைக் கேட்டதும் ஹிட்ச்காக் தன் முடிவை மாற்றிக்கொண்டார். படத்துக்கு இன்று இருக்கும் பெயரில் ஹெர்மனுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் எனக்குப் பெரிய அதிர்ச்சி அதற்குப் பிறகு வருவது. நார்மன் பேட்ஸ் குளியலறையைக் கழுவுகிறான். வசனமே கிடையாது. துடைப்பத்தால் தேய்க்கிறான், துண்டால் துடைக்கிறான், உடலைக் குளியலறைத் திரைச்சீலையில் சுற்றிக் காரில் ஏற்றுகிறான். நிதானமாக, முழுதாகக் காட்டுகிறார். பார்க்கப் பார்க்க, "அதோ அங்கே ஒரு கறை இருக்கிறது" என்று நம் மனம் அவனுக்கு உதவத் தொடங்குகிறது. பிறகு காரைச் சதுப்புக்குட்டையில் தள்ளுகிறான். கார் மூழ்குகிறது. பாதி மூழ்கியதும் நின்றுவிடுகிறது. நார்மனின் முகம் வெளிறுகிறது. அந்த நொடியில் நம் மனம் என்ன நினைக்கிறது? "மூழ்கு, மூழ்கிவிடு." கார் திரும்ப இறங்கத் தொடங்கியதும் நமக்கும் நிம்மதி. நாற்பது நிமிடத்துக்கும் மேலாக யாருக்காகத் தவித்தோமோ, அவளுடைய உடல்தான் அந்தக் காரில் இருக்கிறது. இந்த இடத்தை முதல்முறை உணர்ந்தபோது நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இதையே அவர் 1951-இல் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ டிரெய்ன்' படத்திலும் செய்திருந்தார். கொலைகாரன் புருனோ, நிரபராதியை மாட்டிவிடுவதற்காக ஒரு சிகரெட் லைட்டரைக் கொண்டுபோகிறான். வழியில் அது சாக்கடைக் கம்பிகளுக்குள் விழுந்துவிடுகிறது. கையை உள்ளே விட்டுத் துழாவுகிறான். விரல் நுனி லைட்டரைத் தொடுகிறது, நழுவுகிறது, இன்னும் கீழே விழுகிறது. அவனுக்கு அது கிடைக்கக்கூடாது என்று நாம் வேண்ட வேண்டும். ஆனால் நம் விரல்களும் அவனோடு சேர்ந்து நீள்கின்றன. ஒரு மனிதன் எதையோ எட்டிப்பிடிக்க முயல்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தாலே போதும், அவன் யார் என்பது மறந்து நாம் அவனோடு சேர்ந்துவிடுகிறோம். நம்மைப் பற்றி இப்படி ஒன்றைக் காட்டித் தருவதால்தான் இந்தப் படங்களை வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

அவருக்கும் எல்லை தவறியிருக்கிறது. 1936-இல் வந்த 'சபோட்டாஜ்' படத்தில் ஒரு சிறுவன் தன் கையில் இருப்பது வெடிகுண்டு என்று தெரியாமல் லண்டன் தெருக்களில் போகிறான். வழியில் எது எதுவோ அவனைத் தாமதப்படுத்துகிறது. பேருந்தில் ஏறுகிறான், பக்கத்தில் இருப்பவரின் நாய்க்குட்டியோடு விளையாடுகிறான், கடிகாரங்கள் ஓடுகின்றன. கடைசியில் குண்டு வெடித்து அவன் செத்துப்போகிறான். அவனைக் கொன்றது தவறு என்று ஹிட்ச்காக் த்ரூஃபோவிடம் ஒப்புக்கொண்டார். பார்ப்பவர்களை அவ்வளவு நேரம் தவிக்கவிட்டால் ஒரு விடுதலை கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கோபம்தான் வரும் என்றார். எனக்கும் கோபம்தான் வந்தது. அந்தப் பையனை என்னிடம் ஒப்படைத்துவிட்டு என் கண்முன்னாலேயே பறித்துக்கொண்டதுபோல் இருந்தது.

'ரியர் விண்டோ' 1954. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். 'நொட்டோரியஸ்' அடுத்தபடியாக. (வேறொரு நாள் கேட்டால் மாற்றிச் சொல்வேன்.) பாரமவுண்ட் ஸ்டூடியோவின் ஒரே தளத்துக்குள் நியூயார்க்கின் ஒரு குடியிருப்பு முற்றத்தையே கட்டினார்கள். 31 வீடுகள். உயரம் போதாமல் தரையைப் பெயர்த்துக் கீழ்த்தளத்தை முற்றமாக்கினார்கள். கால் எலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் கிடக்கும் பத்திரிகைப் புகைப்படக்காரன் ஜெஃப், அதாவது ஜேம்ஸ் ஸ்டூவர்ட், பொழுதுபோகாமல் எதிர்வீட்டு ஜன்னல்களைப் பார்க்கிறான். ஒரு ஜன்னலில் இருக்கும் மனிதன் தன் மனைவியைக் கொன்றிருப்பானோ என்று சந்தேகப்படுகிறான். கேமரா ஏறக்குறைய படம் முழுக்க அவன் அறையைவிட்டு வெளியே போவதில்லை.

தொடக்கத்தையே பாருங்கள். கேமரா தூங்கும் மனிதனின் வேர்த்த நெற்றியைக் காட்டுகிறது. அப்புறம் மாவுக்கட்டுப் போட்ட கால். நொறுங்கிய ஒரு கேமரா. கார் பந்தயத்தில் ஒரு சக்கரம் கழன்று கேமராவை நோக்கிப் பறந்துவரும் புகைப்படம். அவன் யார், என்ன வேலை, கால் எப்படி உடைந்தது, எப்பேர்ப்பட்ட துணிச்சல்காரன், எல்லாம் சொல்லியாகிவிட்டது.

அதன்பின் படம் முழுக்க ஒரே முறைதான். ஜெஃபின் முகம், அவன் பார்ப்பது, திரும்ப அவன் முகம். ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் செய்த பரிசோதனையிலிருந்து வந்த வழி இது. ஒரே முகத்துக்குப் பிறகு எதைக் காட்டுகிறோமோ அதற்கேற்ப அந்த முகத்தின் பொருள் மாறும். கூடையில் இறக்கப்படும் நாய்க்குட்டியைக் காட்டிவிட்டு ஸ்டூவர்ட்டின் புன்னகையைக் காட்டினால் அவன் நல்ல மனிதன். அரைகுறை உடையில் ஆடும் பெண்ணைக் காட்டிவிட்டு அதே புன்னகையைக் காட்டினால்? நடிப்பின் பாதியை நாமே செய்கிறோம்.

நாம் ஜெஃபுக்குத் தெரிந்ததை மட்டும்தான் அறிகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது ஹிட்ச்காக் ஒரு சின்ன வேலை செய்கிறார். ஜெஃப் தூங்கிவிடுகிறான். அந்த நேரத்தில் எதிர்வீட்டுக்காரன் ஒரு பெண்ணோடு வெளியே போவதை நமக்கு மட்டும் காட்டுகிறார். அப்படியானால் அவன் மனைவி உயிரோடு இருக்கிறாளா? ஜெஃப் உளறுகிறானா? மறுநாள் அவன் தன் சந்தேகத்தை அடித்துப் பேசும்போது, அவன் பார்க்காத ஒன்றைப் பார்த்த நாம் நெளிகிறோம். முதல்முறை பார்த்தபோது இது வெறும் குழப்பமாகத் தெரிந்தது. மூன்றாவது முறைதான் இதன் நேர்த்தி புரிந்தது. நம்பியவனை முழுதாக நம்பவும் முடியாமல், விடவும் முடியாமல் வைத்திருப்பதற்காக ஒரே ஒரு ஷாட்.

அப்புறம் மோதிரக் காட்சி. ஜெஃபின் காதலி லிசா, கிரேஸ் கெல்லி, தடயம் தேடி எதிர்வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறாள். அவன் திரும்பி வருகிறான். ஜெஃபால் எழுந்து ஓட முடியாது. முற்றத்தின் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கத்தான் முடியும். அவள் பெயரைச் சொல்லித் தவிக்கிறான். சினிமா பார்க்கும் நம் நிலையை இதைவிடத் தெளிவாக யாரும் படமாக்கியதில்லை. போலீஸ் வந்துவிடுகிறது. லிசா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், விரலில் மாட்டிய மோதிரத்தை ஜெஃபுக்குக் காட்டுகிறாள். செத்தவளின் மோதிரம் கிடைத்துவிட்டது. எதிர்வீட்டுக்காரன் அந்தக் கையைக் கவனிக்கிறான். அவள் யாருக்குக் காட்டுகிறாள் என்று யோசிக்கிறான். மெல்லத் தலையை நிமிர்த்தி நேராக நம்மைப் பார்க்கிறான்.

ஒன்றரை மணி நேரம் ஒளிந்திருந்து பார்த்த நம்மை ஒருவன் பார்த்துவிட்டான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்காருகிறேன்.

'வெர்ட்டிகோ'வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது தனிக் கட்டுரைக்கான படம். 1958-இல் வந்தபோது பெரிய வரவேற்பு இல்லை. 2012-இல் பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், அரை நூற்றாண்டாக முதலிடத்தில் இருந்த 'சிட்டிசன் கேன்' படத்தை இறக்கிவிட்டு முதலிடத்துக்கு வந்தது. மூல நாவலில் கதாநாயகியைப் பற்றிய உண்மை கடைசியில்தான் வெளிப்படும். ஹிட்ச்காக் அதை மூன்றில் இரண்டு பங்கிலேயே நமக்குச் சொல்லிவிட்டார். கூட இருந்தவர்கள் பலருக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அதற்குப் பிறகு படம் வேறொன்றாக மாறுகிறது. நாயகன் ஒரு பெண்ணை, இறந்துபோன காதலியைப் போலவே தலைமுடி, உடை, காலணி என்று மாற்றிக்கொண்டே போகிறான். அவள் யார் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும்போது நமக்கு வருவது பயமா, துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ரகசியத்தைக் கடைசிவரை வைத்திருந்தால் ஒரு நொடி ஆச்சரியம் கிடைத்திருக்கும். இந்தத் துக்கம் கிடைத்திருக்காது.

ஒரு பெண்ணை ஆண் தன் விருப்பப்படி செதுக்குவதைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 'தி பேர்ட்ஸ்', 'மார்னி' ஆகிய படங்களில் நடித்த டிப்பி ஹெட்ரன், ஹிட்ச்காக் தன்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியதைத் தன் 2016 சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 'தி பேர்ட்ஸ்' படத்தின் மாடியறைக் காட்சிக்காக நாள்கணக்கில் அவர்மேல் உயிருள்ள பறவைகளை எறிந்தார்கள். அதைப் படித்த பிறகு அந்தக் காட்சியை நான் பார்ப்பதில்லை. தாண்டிவிடுகிறேன். அதே படத்தில் பள்ளிக்கூடத்துக்கு வெளியே அவர் உட்கார்ந்திருக்க, பின்னால் இருக்கும் கம்பிச் சட்டத்தில் ஒன்று, நான்கு, ஐந்து என்று காகங்கள் சேரும் காட்சி இருக்கிறது. பின்னணி இசை கிடையாது, உள்ளே பிள்ளைகள் பாடும் சத்தம் மட்டும். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் சட்டம் முழுக்கக் கறுப்பாகிவிடும். அந்தக் காட்சியை இன்றும் பார்க்கிறேன். அதில் அவருடைய நடிப்பு எவ்வளவு கச்சிதம் என்பதையும் இப்போது சேர்த்துப் பார்க்கிறேன். இந்த இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்வது சுலபமாக இல்லை.

இன்னொரு பெண்ணின் பெயரும் எப்போதும் ஹிட்ச்காக்கின் நிழலில் போய்விடுகிறது. ஆல்மா ரெவில். அவரைவிட ஒரே ஒரு நாள் இளையவர். அவருக்கு முன்பே சினிமாத் தொழிலுக்கு வந்துவிட்ட படத்தொகுப்பாளர். 1926-இல் திருமணம். பல திரைக்கதைகளில் அவர் பெயர் உண்டு, பெயர் இல்லாத படங்களிலும் அவர் பார்வை உண்டு. 1979-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வாழ்நாள் சாதனை விருது கொடுத்தபோது, தனக்குத் துணைநின்ற நான்கு பேருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார் ஹிட்ச்காக். ஒருவர் படத்தொகுப்பாளர், ஒருவர் திரைக்கதையாசிரியர், ஒருவர் தன் மகளின் தாய், ஒருவர் சமையலில் அற்புதங்கள் செய்பவர். நான்கு பேரின் பெயரும் ஆல்மா ரெவில் என்று முடித்தார். அடுத்த வருடம் ஏப்ரலில் ஹிட்ச்காக் இறந்தார். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கருக்கு ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட அது அவருக்குக் கிடைக்கவில்லை.

அன்று அக்காவோடு பார்த்த 'நொட்டோரியஸ்' கடைசிக் காட்சிக்கு வந்தது. விஷத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட அலீசியாவின் அறைக்கு டெவ்லின் வந்துவிடுகிறான். இவ்வளவு நேரம் சொல்லாததை இப்போது சொல்கிறான். அவளைத் தாங்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்குகிறான். விருந்து இரவில் கேமரா இறங்கி வந்த அதே பிரம்மாண்டமான கூடம். கீழே செபாஸ்டியனின் நாஜிக் கூட்டாளிகள் நின்று பார்க்கிறார்கள். தான் உளவாளியைக் கல்யாணம் செய்துகொண்டது அவர்களுக்குத் தெரிந்தால் செபாஸ்டியன் உயிரோடு இருக்க முடியாது. அதனால் அவனும், அவன் அம்மாவும், டெவ்லினும், அலீசியாவும் ஒன்றாகப் படியிறங்குகிறார்கள். அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதாக நடிப்பு. ஒவ்வொரு படிக்கும் கீழேயிருந்து ஒரு கேள்வி. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கார் வரை வந்துவிட்டார்கள். செபாஸ்டியன் தன்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறான். டெவ்லின் கதவைப் பூட்டிவிட்டுக் காரை எடுக்கிறான். வாசலில் நிற்கும் கூட்டாளி, கொஞ்சம் உள்ளே வா, உன்னோடு பேச வேண்டும் என்று அமைதியாகக் கூப்பிடுகிறான். செபாஸ்டியன் திரும்புகிறான். கேமரா அவன் முதுகை மட்டும் பார்க்கிறது. படிகளில் மெல்ல ஏறுகிறான். உள்ளே போகிறான். கதவு சாத்திக்கொள்கிறது. படம் முடிந்துவிட்டது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலீசியா பிழைத்துவிட்டாள், டெவ்லின் சொல்லிவிட்டான், சந்தோஷப்பட வேண்டிய முடிவு.

"அவன் உள்ள போயிட்டானேடா," என்றாள் அக்கா.